மூன்று மணிக்கு விழுந்த ரப்பர் கொட்டை

தம்பி, நீ கோலாலம்பூருக்குப் பஸ் ஏறி ஒன்பது நாளாகிறது. டெலிபோனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கடைமுனை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்துவிட்டேன். பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்க, சில்லறை போட்டுக்கொண்டே பேசுகிற பேச்சு இல்லை இது. அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் அறையில் சிநேகிதர்கள் இருந்தால் அவர்கள் போன பிறகு படி.

நீ கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை நீயும் உன் இரண்டு சிநேகிதர்களும் முன்கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கொப்பி கலக்கிக் குவளைகளில் கொண்டு வந்ததும் பேச்சு நின்றது. நீதான், அம்மாதானே, பரவாயில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாய். நீ விரும்புகிற பெண்ணுக்கு உஜோங் பாசிர் ஊர்ப் பையன் ஒருவனை நிச்சயம் செய்துவிட்டார்கள். அவளும் சம்மதித்துவிட்டாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பையனுக்கு வலிப்பு நோய் உண்டு என்று பெண்ணின் அப்பாவுக்குப் பெயர் போடாமல் ஒருவன் கடிதம் எழுதுவான். இன்னொருவன் பாசார் சந்தையில் நாலு பேர் காதில் விழும்படி பேசுவான். உனக்கு அதில் வேலையே இல்லை. நான் உன்னைப் பார்த்த பார்வையைக் கண்டு நீ சிரித்தாய். "நான் ஒண்ணும் செய்யலம்மா. சும்மா யோசிச்சுப் பாக்கறோம். யோசிக்கறது தப்பா?" என்று கேட்டாய். நான் குவளைகளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நீ நினைத்திருப்பாய். ஒத்துக்கொண்டு போகவில்லை, தம்பி. குரலைத் தாழ்த்தி, நடுநடுவே சிரித்துக்கொண்டு நீங்கள் பேசினீர்களே, அந்தக் குரல் எனக்குத் தெரியும். நீ பிறந்த வருஷம், இதே காஜா பெராங் சாலை வீட்டில், உன் அப்பாவும் நானும் அந்தக் குரலில்தான் பேசினோம்.

நீ அறிந்த வீடு முழு வீடு. அப்போது அது இரண்டு குடித்தனம். ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே திறந்த வெளி. ஒரு பக்கத்தில் பாத்திரம் உருண்டால் மறு பக்கத்தில் தூங்குகிறவர்கள் விழிப்பார்கள். நம் பக்கம் சின்னது. கிணறும் குளிக்கிற இடமும் அந்தப் பக்கம். வீட்டுக்காரர் தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் மறந்துபோன சிட்டி சமூகத்துக் கிழவர், மலாயில்தான் பேசுவார். அந்தப் பக்கத்துக்காரர்கள் காலி செய்தால் முழு வீட்டையும் உங்களுக்கே தருகிறேன் என்று உன் அப்பாவிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை நாங்கள் ஆசையோடு பார்த்ததே இல்லை.

அங்கே இருந்தவர்கள் சின்னையாவும் அவர் மனைவி மரகதமும். இரண்டு பேரும் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். சின்னையா டவுனில் சாலை வேலை செய்தார். மரகதம் காலையில் ஒரு வீட்டில் துணி துவைத்துவிட்டு மதியம் திரும்பிவிடுவாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நீ பிறந்தபோது எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பதினைந்து நாள் எனக்குச் சோறாக்கிப் போட்டு, உன்னைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியது அவள்தான். உன் கால்களை நீட்டித் தன் முழங்காலில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்க்கும்போது ஒரு நாள் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பவுனு என்று பெயர். தோட்டத்தில் காய்ச்சல் வந்து ஐந்து வயதில் இறந்துபோன பிள்ளை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் போல ரப்பர் கொட்டையை வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க விளையாடுவாளாம். கொட்டையைச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் ஓடி வந்து அம்மா கையில் வைத்து, சூடு பாரும்மா என்பாளாம். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அவள் உயிர் போனது என்றும் மரகதம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. உன் காலில் எண்ணெய் தேய்ப்பதையும் நிறுத்தவில்லை.

இதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

உன் அப்பா அப்போது பஸ் கண்டக்டர். தம்பின் ஊருக்குப் போகிற பஸ்ஸில்தான் பெரும்பாலும் அவருக்கு வேலை. காலை ஷிப்ட் என்றால் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். விளக்கை அணைத்த பிறகு நாங்கள் பேசத் தொடங்கினோம். முதலில் சிரிப்புக்குத்தான். இவர்களை எப்படிக் கிளப்பலாம் என்று அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். பேய் இருக்கிறது என்று பயந்தால் சாலைக்காரன் ஒரு வாரம் தங்குவானா என்றார். நாள் தவறாமல் பேசினோம். அதில் ஒரு ருசி இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக ஒரு விஷயத்தைப் பேசியதே இல்லை. கல்லைப் போடலாம் என்று உன் அப்பா சொன்னார். ரப்பர் கொட்டை என்று சொன்னது நான். மூன்று மணி என்று சொன்னதும் நான்தான். உன் அப்பாவைக் குற்றம் சொல்லி இந்தக் கடிதத்தை முடித்துவிட முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உபதேசியார் பேசியதை இன்னும் மறக்கவில்லை. படுக்கையில் கிடந்து தீமையை யோசித்து, விடிந்ததும் அதைச் செய்து முடிக்கிறவர்களுக்கு வேதம் ஐயோ என்கிறது என்றார். கை செய்வதற்கு முன்னாலேயே இருதயம் செய்துவிடுகிறது, கர்த்தர் அங்கேதான் பார்க்கிறார் என்றார். தீமை செய்யத் திட்டம் போடுகிறவனுக்கு அந்தத் திட்டத்துக்காகவே வேதம் ஒரு பெயர் வைத்துவிடுகிறது, அவன் அதைச் செய்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை என்றும் சொன்னார். நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நாங்கள் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, சும்மா பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நான் மனசுக்குள் பதில் சொன்னேன். நீ என்னிடம் கேட்டாயே, அதே கேள்விதான். மறுநாள் திங்கட்கிழமை உன் அப்பா காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி ரப்பர் கொட்டையை எடுத்து அடுப்படியில் வைத்தார். கொட்டை வெடித்து விழுகிற மாதம் அது. சாலையோரமெல்லாம் கிடக்கும்.

மூன்று மணிக்கு முக்காலியில் ஏறி, பலகைச் சுவருக்கு மேலே கையை நீட்டி ஒன்றைப் போட்டேன். டக்கென்று விழுந்து உருண்டது. அந்தப் பக்கம் மரகதம் ஏதோ முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. மறுநாளும் போட்டேன். யாரது என்று கேட்டாள். மூன்றாம் நாள் போட்ட பிறகு கொஞ்ச நேரத்தில் நம் வாசலுக்கு வந்து நின்றாள். கை மூடியிருந்தது.

"ஒம் பக்கத்துல எலி ஏதும் ஓடுதா தங்கச்சி?"

"எலி இல்லக்கா. ஒரு சின்னப் புள்ள ஓடற மாதிரி எனக்குக் கேட்டுச்சு."

இதை நாங்கள் திட்டத்தில் வைத்திருக்கவில்லை. என் வாயில் தானாக வந்தது. இத்தனை நாள் அதைப் பேசிப் பேசி ஊறியிருந்ததால் பொய் தேடாமலே கிடைத்தது. சொல்லிவிட்டு அவள் முகத்தில் பயத்தைத் தேடினேன். பயம் இல்லை. அவள் ஒரு அடி கிட்டே வந்து, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக, "எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று கேட்டாள்.

அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிணற்றடிப் பக்கமாகக் கையைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு மரகதம் துணி துவைக்கப் போவதை நிறுத்திவிட்டாள். எங்கேயாவது போனால் பிள்ளை வந்து ஏமாந்து போகும் என்று அவளுக்குப் பயம். இரண்டு மணிக்கே தரையைக் கூட்டித் துடைத்து, ஒரு சின்னத் தட்டில் சோறு பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பலகை இடுக்கு வழியாக எல்லாம் எனக்குத் தெரியும். கொட்டை விழுந்ததும், "வந்துட்டியா" என்பாள். அந்தக் குரலை என்னால் உனக்கு எழுதிக் காட்ட முடியாது. அப்புறம் பேசுவாள். அப்பா கால்ல ஆணி குத்திருச்சு. கம்பத்து வீட்டுல ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. அடுத்த வீட்டுப் பாப்பா இன்னிக்கு சிரிச்சான். அந்தப் பாப்பா நீதான். ஒரு நாள் அவள் என்னைக் கூப்பிட்டு, விழுந்த கொட்டையை என் உள்ளங்கையில் வைத்து, சூடாக இருக்கிறது பார் என்றாள். சூடாகத்தான் இருந்தது. அவள் இத்தனை நேரம் கைக்குள் வைத்திருந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை உன் அப்பாவிடம், போதும், இனி என்னால் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. இன்னும் நாலு நாள் போனால் சின்னையாவே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றார். நான் இனிமேல் போட மாட்டேன் என்று சொல்லி, மிச்சம் இருந்த கொட்டைகளை முன்கால்வாயில் கொட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மூன்று மணிக்கு நான் சமையலறை ஓரத்தில் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா முன்கூடத்தில் பாயில் படுத்திருந்தார். அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம். உருளுகிற சத்தம். பிறகு மரகதத்தின் குரல், "வந்துட்டியா."

உன் அப்பாதான் போட்டிருப்பார் என்று எண்ணினேன். எழுந்து முன்கூடத்துக்குப் போனபோது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அவருடைய ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். வாய் திறந்து கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் விழுந்தது. அதற்கு அடுத்த நாளும். நான் முக்காலியை எடுத்துக் கிணற்றடிக்குப் போகிற வழியில் வெளியே போட்டேன். அப்போதும் விழுந்தது. மூன்று மணி நெருங்கும்போது உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, பஸ் சத்தத்தைக் கேட்டபடி நிற்பேன். உள்ளே அவர் இருக்கிறார், போடுகிறார், என்னிடம் சொல்லாமல் போடுகிறார் என்று எனக்குள் ஒரு வெறுப்பு முளைத்தது. அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கையைத்தான் பார்ப்பேன்.

மரகதம் மெலிந்துகொண்டே போனாள். தட்டில் வைத்த சோற்றைப் பிள்ளை சாப்பிடாத வரைக்கும் தானும் சாப்பிட மாட்டேன் என்றாள். சின்னையா ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, அவள் வெறும் தரையைப் பார்த்துத் தலை வாரிவிடுவதுபோல் கையை அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷர், அடிக்கவில்லை, திட்டவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று இரண்டு நாள் கழித்து உன் அப்பாவிடம் சொன்னார். வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் திட்டம் பலித்துவிட்டது.

நாட்டுக்குச் சுதந்திரம் வருகிற மெர்டேக்கா நாளுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. பஸ்ஸிலெல்லாம் புதுக் கொடி கட்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கும்பலாகக் கத்திக்கொண்டு போவார்கள். ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். உன் அப்பா வேண்டாம் என்று சொன்னார். நான் கேட்கவில்லை. மரகதம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன்.

"அக்கா, அது பவுனு இல்ல. நான்தான். மேலேருந்து நான்தான் போட்டேன். உங்களக் கெளப்பணும்னு போட்டேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கன்னத்தைத் தொட்டாள்.

"என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவக் கூடாதுன்னு இப்பிடிச் சொல்றியா? நீ அப்பிடிச் செய்யற பொண்ணா? ஒம் புள்ளைய நான் குளிப்பாட்டுனவ. எனக்குத் தெரியாதா ஒன்னைய?"

நான் முக்காலியைச் சொன்னேன், காக்கிப் பையைச் சொன்னேன், கால்வாயில் கொட்டியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் என்னைத்தான் தேற்றினாள். சின்னையா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு லாரிக்குப் போய் மூட்டைகளை அடுக்கினார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

முழு வீடும் எங்களுக்குக் கிடைத்தது. பலகைச் சுவரில் ஒரு கதவு வெட்டினோம். நீ நடக்கப் பழகியது அந்தப் பக்கத்துத் தரையில்தான். நீ அங்கே தனியாக விளையாடும்போது நடுவில் உட்கார மாட்டாய். யாருக்கோ இடம் விட்டதுபோல் ஓரமாக உட்காருவாய். பிள்ளைகள் எத்தனையோ மாதிரி உட்காருவார்கள். ஆனாலும் நான் மூன்று மணிக்கு உன்னை அங்கே விட்டதில்லை.

மரகதம் ஆஸ்பத்திரியில் ஏழெட்டு மாதம் இருந்தாள். பிறகு அண்ணன் வீட்டோடு தோட்டத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். உனக்கு நாலு வயது நடந்தபோது உன் அப்பாவிடம் சொல்லாமல் அவளைப் பார்க்கப் போனேன். உடம்பு தேறியிருந்தாள். தெளிவாகப் பேசினாள். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அவள் குணமாகிவிட்டாள், கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்கு நெஞ்சு லேசாயிற்று. கிளம்பும்போது அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நாங்கள்தான் என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. பவுனு அங்கதான் இருக்கா. என்கூட வரல. நீ பாத்துக்க."

அதற்கு அடுத்த வருஷம் அவள் இறந்துபோனாள். வேறு வீட்டுக்குப் போகலாம் என்று உன் அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். நீயும் பெரியவனான பிறகு குருபோங் பக்கம் புது வீடு பார்க்கலாம் என்றாய். நான் ஏன் அசையவில்லை என்று உங்கள் இரண்டு பேருக்கும் காரணம் சொன்னதில்லை. இப்போது உனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். உன் அப்பாவும் நானும் நன்றாகத்தான் வாழ்ந்தோம் என்று நீ நினைக்கிறாய். சண்டை போட்டதில்லை, உண்மைதான். ஆனால் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு நாங்கள் மனம் விட்டுப் பேசியதும் இல்லை. கெட்டதை யோசிக்க ஒன்றுசேர்ந்த இரண்டு பேர், அதற்குப் பிறகு ஒருவரையொருவர் நம்ப முடியாது. இவர் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு மறைவில் வேறு செய்வார் என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கும்போதும் அவர் கண்ணில் ஏதோ ஒன்று இருக்கும். எனக்கு அது புரிந்ததில்லை. போன வருஷம் அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, நீ மருந்து வாங்க வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அவரே அந்தப் பேச்சை எடுத்தார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு.

"நிறுத்திட்டேன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, நீ ஏன் நிறுத்தல?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நான் நிறுத்திட்டேன். நீங்கதானே போட்டீங்க" என்றேன்.

"நான் ஒரு தடவகூடப் போட்டதில்ல" என்றார். "நீ வந்து என்னையப் பாத்தப்ப, கள்ளி, பொய் சொல்றாளேன்னு நெனச்சுச் சிரிச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் பொய் சொல்கிறாரா என்று நான் தேடினேன். நான் பொய் சொல்கிறேனா என்று அவர் தேடினார். சாகப் போகிற மனுஷனிடமும் என்னால் அந்தத் தேடலை நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் போய்விட்டார். அவர் சொன்னதை நம்பிப் போனால் ஒரு பயம். நம்பாமல் இருந்தால் வேறொரு பயம். எதை எடுத்துக்கொள்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். நான் தொடங்கியதை என்னால் நிறுத்த முடியவில்லை. கை நின்றது, காரியம் நிற்கவில்லை.

உன் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பெண்ணை நீ எவ்வளவு விரும்பினாய் என்று உன் முகத்திலேயே பார்த்தேன். அழ வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து அழு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் சும்மா யோசிக்கிறேன் என்று மட்டும் இனி சொல்லாதே. நீ வாயால் சொன்ன வலிப்பு இப்போது மூன்று தலைக்குள் இருக்கிறது. உன் தலையிலிருந்து நீ எடுத்துவிடலாம். மற்ற இரண்டு பேரிடமும் வேண்டாம் என்று சொன்னாலும், அவர்கள் நிறுத்தினார்களா என்று உனக்கு ஒருநாளும் உறுதியாகத் தெரியாது. நாளைக்கு அந்தக் கல்யாணம் எந்தக் காரணத்தாலாவது நின்றுபோனால், அவர்கள் முகத்தை நீயும் உன் முகத்தை அவர்களும் ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் உஜோங் பாசிருக்குப் போ. அந்தப் பையனின் வீட்டைக் கேட்டுக்கொண்டு போய், அவனிடம் நேரில் சொல். இப்படி ஒரு பேச்சு உன்னைப் பற்றி வரலாம், அது பொய், அதை யோசித்தவன் நான் என்று சொல். அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். உன்னை நம்புவான்; மரகதத்துக்கு என் மேல் இருந்த அன்பு அவனுக்கு உன் மேல் இல்லை அல்லவா, நம்புவது சுலபம். உனக்கு வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தருகிறேன். நீ போகவில்லை என்றால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் போவேன். போய், என் மகன் இப்படி நினைத்தான் என்று உன் பெயரைச் சொல்லியே சொல்வேன்.

அம்மா